டர்பன் தமிழர் வீட்டில் நார்மன் முப்பாட்டனா? தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

பாட்டியின் அப்பா வெள்ளைக்காரர், அவர் வம்சம் வில்லியம் ராஜாவோடு நார்மண்டியிலிருந்து கப்பலேறி வந்த வம்சம் என்று வீட்டில் யாராவது சொன்னால் சிரிக்கவும் வேண்டாம், அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் பிள்ளை, நாயுடு, செட்டி, படையாச்சி என்று பெயர் உள்ள குடும்பங்களில்கூட இப்படி ஒரு கிளைக்கதை எங்காவது கிடக்கும். அதில் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்தில் ஓர் ஆங்கிலேயர் இருந்தார் என்பது ஒன்று. அவருடைய வேர், வில்லியமும் அவருடைய நார்மன் படையும் இங்கிலாந்தைப் பிடித்த 1066 வரை போகிறது என்பது மற்றொன்று. முதலாவதைக் கொஞ்சம் பொறுமை இருந்தால் சரிபார்த்துவிடலாம். இரண்டாவது பெரும்பாலும் நடுவழியில் நின்றுவிடும். நிற்காமல் போனால் அதற்குக் காரணம் குடும்பப் பெயர் அல்ல, வீட்டில் மாட்டிய குடும்பச் சின்னக் கேடயப் படம் அல்ல, நிலம். இடைக்கால இங்கிலாந்தில் நிலம் வைத்திருந்தவனுக்குத்தான் எழுத்தில் இடம் கிடைத்தது, மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை.

அதனால் தேடல் எப்போதும் இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். வில்லியமில் தொடங்கி உங்கள் பாட்டி வரை இறங்கி வர நினைத்தால் எந்தப் பாட்டியிடமும் போய்ச் சேரலாம்.

மாரிட்ஸ்பர்கில் தொடங்குங்கள்

வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவது முதல் வேலை, அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் நம்மூரில் அதற்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1949ல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வந்தது, அடுத்த வருஷமே மக்கள் பதிவுச் சட்டம் ஒவ்வொரு ஆளுக்கும் ஓர் இனத்தை எழுதி வைத்தது. அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பூட்டனைப் பற்றிப் பேசுவதே வம்பு என்று சில வீடுகளில் அவர் பெயரை அமுக்கிவிட்டார்கள், சில வீடுகளில் அதற்கு நேர்மாறாக அவரையே தூக்கிப் பிடித்தார்கள். இரண்டு வகைக் கதையையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், யார் சொன்னது என்பதையும் சேர்த்து. பெரியம்மா சொன்னதும் சித்தப்பா சொன்னதும் முட்டிக்கொண்டால் இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டாம்.

அப்புறம் ஆவணம். தென்னாப்பிரிக்காவில் வம்சம் தேடுகிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் மிகப் பெரிய வசதி எஸ்டேட் ஃபைல். ஒருவர் இறந்ததும் சொத்து விவகாரத்துக்காக நீதிமன்றத்தின் மாஸ்டர் அலுவலகத்தில் திறக்கப்படும் கோப்பு இது. இதற்குள் டெத் நோட்டீஸ் என்று ஒரு படிவம் இருக்கும். மருத்துவமனையோ பதிவாளரோ தரும் இறப்புச் சான்றிதழ் வேறு, இது வேறு. டெத் நோட்டீஸைக் குடும்பத்தார் நிரப்புவார்கள். இறந்தவர் பெயர், பிறந்த இடம், தாய் தகப்பன் பெயர், வயது, தொழில், யாரை மணந்தார், பிள்ளைகள் யார் யார், எங்கே இறந்தார், நிலபுலன் உண்டா என்று வரிசையாகக் கேள்விகள். கடைசியில் கையெழுத்துப் போட்டவர் சாகும் நேரத்தில் பக்கத்தில் இருந்தாரா என்றுகூடக் கேட்டிருக்கும். அந்தக் கையெழுத்தைத்தான் முதலில் பாருங்கள். மனைவி போட்டதா, மூத்த மகன் போட்டதா, வக்கீல் போட்டதா? பிறந்த இடம் என்ற கட்டத்தில் வெறும் ‘இங்கிலாந்து’ என்று இருந்தால் நிரப்பியவருக்கு அதற்கு மேல் தெரியாது என்று பொருள். ஓர் ஊர்ப் பெயர் இருந்தால் உங்கள் தேடலில் பாதி வேலை முடிந்தது.

தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் பெயரைத் தட்டினால் கோப்பு எண் வரும், கோப்பின் படம் வராது. நேட்டால் எஸ்டேட்டுகளுக்கு மாரிட்ஸ்பர்க் காப்பகத்தைக் குறிக்கும் என்.ஏ.பி. என்ற தொகுப்பைத் தேர்ந்தெடுங்கள். எம்.எஸ்.சி.இ. என்று தொடங்கும் எண்தான் எஸ்டேட் ஃபைல். அந்த எண்ணோடு காப்பகத்துக்கு நேரில் போகலாம், இல்லையென்றால் ஃபேமிலிசர்ச் தளத்தில் அதே கோப்பு படமாக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். அங்கே கணக்குத் தொடங்கக் காசில்லை. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடாதீர்கள். நம் பெயர்களை அந்தக் கால எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், ஆங்கிலப் பெயர்களையும் அப்படித்தான் எழுதினார்கள்.

தமிழ்ப் பக்கத்துக்கு இருக்கும் கப்பல் பட்டியலைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் வந்ததிலிருந்து 1911 வரை இந்தியாவிலிருந்து 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்த கணக்கும், ஊர், தகப்பன் பெயர், சாதி, உடம்பில் உள்ள அடையாளம் வரை எழுதிய பதிவுகளும் தனிக் கட்டுரைக்கு உரியவை. ஒன்று மட்டும். பூட்டியின் கொலோனியல் நம்பர், அதாவது அப்படி வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்த பதிவு எண், தெரிந்தால் அவர் எந்தத் தோட்டத்துக்கு ஒதுக்கப்பட்டார் என்று கண்டுபிடிக்கலாம், அந்தத் தோட்டத்தில் அப்போது ஓவர்சியராக, மெக்கானிக்காக, கணக்கராக இருந்த ஆங்கிலேயர்கள் யார் என்று தேட அது ஒரு வழி. திருமணம் பதிவாகாத உறவாக இருந்தால் ஞானஸ்நானப் பதிவேட்டில் தகப்பன் பெயர்க் கட்டம் காலியாகத்தான் கிடக்கும், அப்போது ஆவணத்தில் இந்த வழிதான் மிச்சம்.

இன்னொரு வழி டி.என்.ஏ. இதில் நமக்கு ஒரு வசதி உண்டு. ஓர் ஆங்கிலேயர் இந்தச் சோதனை செய்தால் ஆயிரக்கணக்கான ஆங்கில உறவினர் பட்டியல் வரும், யார் எந்தக் கிளை என்று பிரிப்பதற்குள் தலை சுற்றும். நம் வீட்டில் ஒரே ஒரு ஆங்கிலேயர்தான் என்றால் பட்டியலில் வரும் வெள்ளைக்கார உறவுகள் எல்லாம் அந்த ஒருவர் வழியாகத்தான் வந்தாக வேண்டும். பூட்டன் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று. அவருடைய தம்பி தங்கைகளின் கொள்ளுப்பேரர்கள் யாராவது சோதனை செய்திருந்தால் பெரும்பாலும் உங்கள் பட்டியலில் தெரிவார்கள். வீட்டிலேயே வயதான ஆளைச் சோதனை செய்ய வையுங்கள். ஒவ்வொரு தலைமுறை இறங்கும்போதும் அந்தப் பங்கு பாதியாகிறது.

அந்த முடிவில் ‘நார்மன்’ என்று ஒரு வகை வராது. இங்கிலாந்து, வடமேற்கு ஐரோப்பா என்று வரும், அவ்வளவுதான். நார்மன் மரபணு இருக்கிறது என்று சொல்லி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

கடலைத் தாண்டுதல்

ஆங்கிலேயப் பூட்டன் எப்போது வந்தார் என்பதை வைத்துத் தேடும் இடம் மாறும். கிழக்குக் கேப் பக்கம் 1820ல் சுமார் 4,000 பேர் அரசாங்க உதவியோடு வந்து இறங்கினார்கள். நேட்டாலை ஆங்கிலேயர் 1843ல் எடுத்துக்கொண்ட பிறகு 1849 முதல் 1851 வரை பைர்ன் என்பவரின் குடியேற்றத் திட்டத்தில் கப்பல் கப்பலாக வந்தார்கள். இந்த இரண்டு கூட்டத்தையும் பற்றி நிறையப் பேர் ஏற்கெனவே தேடி வைத்திருக்கிறார்கள், கப்பல் பட்டியல்கள் இணையத்தில் இருக்கின்றன. அதற்குப் பிறகு ரயில்வேக்கும் சர்க்கரை ஆலைக்கும் ராணுவத்துக்கும் வந்தவர்களைத் தேடுவதுதான் சிரமம்.

வெருலம் ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே நம்மவர்கள்தான் அதிகம். 1850ல் அதை நிறுவியவர்களோ ஹார்ட்ஃபோர்ட்ஷயரின் செயின்ட் ஆல்பன்ஸ் பக்கத்திலிருந்து வந்த மெதடிஸ்ட் குடியேறிகள், ஊர்ப் பெயரே அங்கிருந்துதான். உங்கள் பூட்டன் வெருலம் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்றால் முதல் ஊகமாக ஹார்ட்ஃபோர்ட்ஷயர் ஆவணக் காப்பகத்தைப் பார்க்கலாம். மெதடிஸ்ட் என்றால் அரசுத் திருச்சபைப் பதிவேட்டில் குழந்தைகள் இல்லாமல் போக வாய்ப்புண்டு. அவர்கள் சபைகளின் பழைய பதிவேடுகளை 1837க்குப் பிறகு அரசு வாங்கிச் சேர்த்தது, அவை லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்.ஜி. 4 என்ற தொகுப்பில் இருக்கின்றன. செயின்ட் ஆல்பன்ஸ் போனால் அங்குள்ள பெரிய கிறிஸ்தவக் கோயிலையும் பார்த்துவிடுங்கள். 1077ல் மடாதிபதியான கான் நகரத்து பால் என்ற நார்மன், பக்கத்தில் இடிந்து கிடந்த ரோமானிய ஊரின் செங்கல்லைப் பெயர்த்து வந்து கட்டியது. பூட்டனுக்கு நார்மன் ரத்தம் இருந்ததோ இல்லையோ, அவர் ஊரில் நார்மன் கட்டடம் இருந்தது.

1837லிருந்து 1538 வரை

இந்தப் பகுதி எளிது. நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவு 1837 ஜூலை 1ல் தொடங்குகிறது. பிறப்பு அட்டவணையில் தாயின் பிறந்தவீட்டுப் பெயரும் கிடைப்பதால் ஒரே பெயருள்ள இரண்டு பேரைப் பிரிக்கலாம். மக்கள்தொகைக் கணக்கில் 1841லிருந்து ஆள் பெயர் இருக்கிறது, 1851லிருந்து பிறந்த கிராமமும் இருக்கிறது. அந்தக் கிராமம் தெரிந்ததும் கோயில் பதிவேட்டுக்குப் போக வேண்டியதுதான். தாமஸ் கிராம்வெல் 1538ல் ஒவ்வொரு கோயிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுத வேண்டும் என்று ஆணையிட்டார். எல்லா ஊரிலும் அந்த ஆண்டிலிருந்தே இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். காகிதத்தில் எழுதியதை 1598ல் தோலில் படியெடுக்கச் சொன்னபோது பல ஊர்களில் 1558க்கு முந்தியதை விட்டுவிட்டார்கள். அப்புறம் உள்நாட்டுப் போர், அதைத் தொடர்ந்து 1660 வரை குழப்பம், அந்தக் காலத்தில் பக்கங்களே இல்லாத ஊர்கள் நிறைய.

தேதியில் ஒரு கண்ணி. 1752 வரை இங்கிலாந்தில் புது வருஷம் பிறப்பது மார்ச் 25ல். 1650 பிப்ரவரி என்று எழுதியிருந்தால் நம் கணக்கில் அது 1651. இதைக் கவனிக்காமல் இணையத்தில் மரம் போட்டவர்கள் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற வைத்திருக்கிறார்கள். 1752 செப்டம்பர் 2க்கு மறுநாள் 14 என்று பதினொரு நாளைத் தாண்டியதும் இந்த மாற்றத்தோடு வந்ததுதான்.

பதிவேட்டோடு உயிலையும் படியுங்கள். காண்டர்பரி பேராயர் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை மெய்ப்பித்த உயில்கள் கியூவில் இருக்கின்றன. மருமகன், பேரப்பிள்ளை, கடன்பட்டவர் என்று பெயர் பெயராக வரும். பதிவேடு ஆள் இருந்தார் என்று சொல்லும், உயில்தான் உறவைச் சொல்லும்.

1600ஐத் தொடும்போது உங்கள் ஆள் யார் என்று பாருங்கள். கூலி விவசாயி, நெசவாளி என்றால் பெரும்பாலும் இங்கேயே நிற்கும். அவர் இருந்த பண்ணையின் நீதிமன்றச் சுருள்கள் பிழைத்திருந்தால் இன்னும் சில தலைமுறை போகலாம், குத்தகை நிலம் தகப்பனிடமிருந்து மகனுக்கு மாறியதை அதில் எழுதுவார்கள். ‘ஜென்டில்மேன்’ என்றோ ‘எஸ்கொயர்’ என்றோ நிலமுள்ள மேல்தட்டைக் காட்டும் ஓர் ஒட்டு இருந்தால் கதை வேறு.

நிலத்தைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுதல்

மகுடத்தின் கேடய அதிகாரிகள் 1530 முதல் 1688 வரை மாவட்டம் மாவட்டமாகப் போய் யாருக்குக் கேடயச் சின்னம் போட உரிமை உண்டு என்று விசாரித்தார்கள். அப்போது ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த வம்சப் பட்டியல்கள் அச்சாகியிருக்கின்றன. என் அனுபவத்தில் இவற்றை இப்படிப் படிக்க வேண்டும்: பட்டியலைக் கொடுத்தவரும் அவர் தகப்பனும் தாத்தாவும் ஓரளவு நம்பத் தக்கவர்கள், அதற்கு மேலே உள்ளது விருந்தாளி முன்னால் பேசிய பெருமை. மேலே உள்ளதை வேறு ஆவணம் கொண்டு மெய்ப்பிக்க வேண்டும்.

அந்த வேறு ஆவணங்களில் முதன்மையானது இறந்தவர் நில விசாரணை. மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற ஒருவர் இறந்தால் மாவட்ட அதிகாரிக்கு ஆணை போகும். அவர் உள்ளூர் ஆட்களை நடுவராக உட்கார வைத்து, செத்தவர் எந்த நாளில் செத்தார், என்ன நிலம் வைத்திருந்தார், வாரிசு யார், வாரிசுக்கு என்ன வயது என்று கேட்டு எழுதுவார். 13ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 17ஆம் நூற்றாண்டு வரை இப்படி விசாரித்தவை கியூவில் இருக்கின்றன, சுருக்கங்கள் அச்சிலும் இணையத்திலும் கிடைக்கின்றன. இரண்டு எச்சரிக்கை: ‘21 வயதும் அதற்கு மேலும்’ என்று இருந்தால் மேஜர் ஆகிவிட்டார் என்றுதான் பொருள், அது பிறந்த ஆண்டைக் கணக்கிட உதவாது. மூத்த மகன் இருந்தால் தம்பிகள் பெயர் வராது. மகன் இல்லாமல் மகள்கள் மட்டும் இருந்தால் எல்லா மகள்களும் சமமாகப் பங்கு பெறுவார்கள், அப்போது அத்தனை பெயரும், சில சமயம் மருமகன்கள் பெயரும் வரும். ஆண் வாரிசு இல்லாத வீடுதான் நமக்கு அதிகம் சொல்கிறது.

வாரிசு மைனராக இருந்து பிறகு மேஜராகும்போது வயதை மெய்ப்பிக்க ஒரு விசாரணை நடக்கும். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காலம். பன்னிரண்டு பேர் வந்து, இந்தப் பிள்ளை பிறந்த நாள் எனக்கு எப்படி நினைவிருக்கிறது என்று சொல்வார்கள். ஒருவர் அன்று குதிரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டேன் என்பார், இன்னொருவர் என் மகளுக்கு அன்றுதான் கல்யாணம் என்பார், மூன்றாமவர் கோயிலில் ஞானஸ்நானத்துக்கு மெழுகுவர்த்தி பிடித்தேன் என்பார். உம்கேனி ஆற்று வெள்ளம் வந்த வருஷம் பிறந்தவன் என்று நம் தாத்தாக்கள் சொன்னால் 1917 என்று எழுதிக்கொள்கிறோமே, அதே முறைதான். படிக்கச் சுவையாக இருக்கும், ஆனால் எழுத்தர்கள் ஒரே மாதிரிச் சாட்சியை ஊர் ஊராகப் படியெடுத்திருக்கிறார்கள் என்று வரலாற்றாசிரியர்களுக்குச் சந்தேகம் உண்டு. உடைந்த கால்கள் கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்தது ‘ஃபைன்’ என்ற நில உடன்படிக்கை. ஒரே தோலில் ஒரே வாசகத்தை மூன்று முறை எழுதி, நடுவே வளைவு வளைவாக வெட்டி, இரண்டு பங்கை இரண்டு கட்சிக்காரருக்கும் கொடுத்து, அடியில் உள்ள மூன்றாம் பங்கை அரசு வைத்துக்கொண்டது. பின்னால் யாராவது போலி கொண்டுவந்தால் வளைவு பொருந்தாது. 1195ல் இந்த அடிப்பங்கைச் சேர்த்து வைக்க ஆரம்பித்தார்கள், 1833 வரை போகிறது. மனைவி பெயரோடு சேர்ந்து வருவதால் யார் யாரை மணந்தார் என்பதற்கு இது அருமையான சாட்சி. இன்னும் மேலே போனால் அரசுக் கருவூலத்தின் பைப் சுருள்கள். மிகப் பழையது 1130ஆம் ஆண்டுக் கணக்கு, இரண்டாம் ஹென்றி காலத்திலிருந்து தொடர்ச்சியாக இருக்கிறது. அதற்கு மேலே டூம்ஸ்டே, வில்லியம் எடுக்க வைத்த நிலக் கணக்குப் புத்தகம்.

இதையெல்லாம் படிக்க லத்தீன் புலவராக வேண்டியதில்லை. ஃபிலியுஸ் மகன், ஃபிலியா மகள், ஊக்ஸோர் மனைவி, ரெலிக்டா விதவை, ஹேரெஸ் வாரிசு. நெபோஸ் வந்தால் மட்டும் நிதானியுங்கள், அது பேரனாகவும் இருக்கும், உடன்பிறந்தார் மகனாகவும் இருக்கும். ஆண்டு மன்னர் ஆட்சியாண்டாக வரும். ராஜராஜனுக்கு யாண்டு இத்தனை என்று கல்வெட்டில் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘எட்வர்ட் மன்னருக்கு மூன்றாம் ஆண்டு, மிக்கேல் திருநாளுக்கு அடுத்த திங்கள்’ என்று ஒரு பத்திரம் சொன்னால், முதலாம் எட்வர்டின் ஆட்சியாண்டு நவம்பர் 20ல் தொடங்குகிறது, முதல் ஆண்டு 1272, ஆகவே மூன்றாம் ஆண்டு 1274 நவம்பர் முதல் 1275 நவம்பர் வரை, மிக்கேல் திருநாள் செப்டம்பர் 29, அந்த ஆண்டு அது ஞாயிறு, எனவே பத்திர நாள் 1275 செப்டம்பர் 30. இதைக் கணக்கிட இணையத்தில் கருவிகள் உண்டு, ஆனாலும் ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள்.

ஒரு கிராமத்தின் பண்ணை யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று முழுதாக அறிய விக்டோரியா மாவட்ட வரலாற்றுத் தொகுதிகள் இருக்கின்றன. 1899ல் தொடங்கிய திட்டம், இன்னும் முடியவில்லை. முடிந்த மாவட்டங்களில் பெரும்பாலானவற்றை பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம். அடிக்குறிப்புகளைத்தான் படிக்க வேண்டும், அவைதான் மூல ஆவணத்தின் எண்ணைக் கொடுக்கும்.

1086ல் என்ன கிடைக்கும், 1066ல் என்ன கிடைக்காது

1085 கிறிஸ்துமஸுக்கு குளோஸ்டரில் சபை கூடிய வில்லியம் தன் நாட்டை அளக்கச் சொன்னார். அடுத்த ஆண்டே கணக்கு வந்துவிட்டது, 13,418 ஊர்கள். அதே 1086ல் முதலாம் குலோத்துங்க சோழனும் நிலம் அளக்க வைத்தான் என்பது நம் ஆட்களுக்குச் சொல்லி மகிழ வேண்டிய செய்தி. டூம்ஸ்டேயை இணையத்தில் ஊர் வாரியாக இலவசமாகத் தேடலாம். டர்பனில் உள்ள நம் சாட்ஸ்வொர்த்தின் பெயர் கொண்ட டெர்பிஷயர் ஊர்கூட அதில் இருக்கிறது. ஆனால் அதில் பெயரோடு வருவது நிலம் வைத்திருந்தவர்கள்தான், உழுதவர்கள் ‘இத்தனை பேர்’ என்று முடிந்துவிடுகிறார்கள். லண்டனும் வின்செஸ்டரும் இல்லை, வடக்கே டர்ஹம், நார்தம்பர்லாந்து இல்லை. பெயரும் வெறும் ராபர்ட், வெறும் ரால்ஃப் என்றே பல இடத்தில் இருக்கும். அந்த ராபர்ட்தான் உங்கள் ராபர்ட் என்று சொல்ல, அதே நிலம் பிற்பாடு உங்கள் குடும்பத்தின் கையில் இருந்ததைக் காட்ட வேண்டும்.

ஹேஸ்டிங்ஸ் போர் நடந்தது 1066 அக்டோபர் 14. அன்று வில்லியம் பக்கம் நின்றவர்களில் அக்காலச் சாட்சியத்தோடு பெயர் சொல்லக்கூடியவர்கள் இருபது முப்பது பேருக்குள்தான். பேட்டில் மடத்துப் பட்டியல் என்று நூற்றுக்கணக்கான பெயரோடு ஒன்று உலவுகிறது, அதன் மூலம் தொலைந்துவிட்டது, இருப்பது 16ஆம் நூற்றாண்டுப் படிகள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுமில்லை. நார்மண்டியில் டீவ்-சுர்-மேர் கோயில் சுவரில் உள்ள பட்டியல் 1862ல் வைத்தது, ஃபலேஸ் ஊரின் வெண்கலப் பலகை 1931ல் வைத்தது. படம் எடுத்துக்கொள்ளலாம், ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

குடும்பப் பெயரும் அப்படித்தான். நெவில் என்பது நார்மன் பெயர், சந்தேகமில்லை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் இசபெல் டி நெவில் என்ற வாரிசுப் பெண்ணை மணந்தவர் ராபி ஊர்ப் பிரபு ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட். அவர் ஆண்வழி பழைய ஆங்கிலேய வழி. அவர்கள் மகன் ஜெஃப்ரி தாயின் பெயரை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு வந்த புகழ்பெற்ற நெவில் பிரபுக்கள் எல்லாம் அந்த வழிதான். பெர்சி குடும்பமும் இதே கதை: ஆக்னஸ் டி பெர்சியை மணந்தவர் லூவேன் நகரத்து ஜோஸலின், பிள்ளைகள் பெர்சி ஆனார்கள். 18ஆம் நூற்றாண்டில் ஹியூ ஸ்மித்சன் என்பவர் அதே வீட்டுப் பெண்ணை மணந்து மறுபடி பெர்சி ஆனார். பெயரைப் பின்தொடர்ந்தால் தவறான ஆளிடம் போய்ச் சேர்வீர்கள். ‘ஃபிட்ஸ்’ வரும் பெயர்கள் தமிழனுக்குக் குழப்பம் தராது, தகப்பன் பெயர் முன்னெழுத்தாக நிற்பதைப் போலத்தான், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். வில்லியம், ராபர்ட், ஹென்றி என்று பெயர் இருப்பதும் ஒன்றையும் காட்டாது. வெற்றிக்குப் பிறகு ஓரிரு நூற்றாண்டுக்குள் ஆங்கிலேய உழவர்களே அந்தப் பெயர்களைத்தான் வைத்தார்கள்.

கேடயச் சின்னம் போட்ட சாவிக்கொத்தை மாலில் விற்பார்கள். ஆங்கிலச் சட்டப்படி சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் ஆண்வழிக்கும் உரியது, அதே பெயருள்ள எல்லாருக்கும் அல்ல. பேத்திக்கு விளையாடக் கொடுக்கலாம்.

நார்மன் வம்சம் உண்மையில் எப்படி இறங்குகிறது என்றால், பெரும்பாலும் பெண்கள் வழியாக. முதலாம் ஹென்றிக்குத் திருமணத்துக்கு வெளியே மட்டும் 20க்கு மேல் பிள்ளைகள். முதலாம் எட்வர்டின் மகள்கள் பிரபுக்களை மணந்தார்கள், அந்தப் பிரபுக்களின் இளைய மகன்களின் மகள்கள் வீரர்களை மணந்தார்கள், அவர்கள் மகள்கள் பக்கத்து ஊர்ச் சிறு நிலக்காரரை, அவர் மகள் ஊர் வியாபாரியை. முந்நூறு நானூறு வருஷத்தில் அரச வழி ஒரு கடைக்காரர் வீட்டுக்கு வந்துவிடும். ஆகவே ஒவ்வொரு தலைமுறையிலும் மனைவி யார் வீட்டுப் பெண் என்று கேளுங்கள். அங்கேதான் வாசல் திறக்கும்.

கணக்காகப் பார்த்தால் இன்னொரு வேடிக்கை. இன்றிலிருந்து 1066க்கு ஏறத்தாழ முப்பது தலைமுறை. பூட்டன் ஒருவர் மட்டும் ஆங்கிலேயர் என்றால் அவருக்கு மேல் 27 தலைமுறை, அந்த வரிசையில் 13 கோடிக்கு மேல் இடங்கள். அப்போது இங்கிலாந்தில் இருந்ததோ இருபது லட்சம் பேர் போல. ஒரே ஆள் பல இடத்தில் உட்கார்ந்தால்தான் இடங்கள் நிரம்பும். எனவே அந்தப் பூட்டன் உண்மையென்றால் உங்களுக்கு எங்கோ ஒரு நார்மன் பாட்டன் இருப்பது ஏறக்குறைய உறுதி. யார் என்று பெயர் சொல்வதுதான் கஷ்டம்.

பெயர் சொன்னாலும் ரத்தம் உறுதியில்லை. 2012ல் லெஸ்டர் நகரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் மூன்றாம் ரிச்சர்டின் எலும்பைத் தோண்டி எடுத்தார்கள். பெண்வழி உறவினரின் மரபணு பொருந்தியது. ஆண்வழி உறவினர் என்று பட்டியல் சொன்னவர்களின் ஒய் குரோமோசோம் பொருந்தவில்லை. ராஜ குடும்பத்து மரத்திலேயே எங்கோ ஒரு கணு விட்டுப்போயிருக்கிறது.

நார்மண்டிக்கு அந்தப் பக்கம் போக ஆசைப்பட்டால் இரண்டு ஆண்டுகளை நினைவில் வையுங்கள். 1204ல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் நார்மண்டியைப் பிடித்ததும், கடலின் இரு கரையிலும் நிலம் வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு கரையை விட வேண்டி வந்தது. அதன் பிறகு ஆங்கிலக் கிளைக்கு அங்கே ஆவணம் அரிது. 1944 ஜூன் குண்டுவீச்சில் சான்-லோ நகரில் இருந்த மான்ஷ் மாவட்டக் காப்பகம் எரிந்து போனது, பல மடங்களின் மூலப் பத்திரங்கள் அதோடு போயின. முன்பே யாராவது படியெடுத்து அச்சிட்டிருந்தால்தான் உண்டு.

மரத்தை வரையும்போது ஆவணம் உள்ள இணைப்புக்கு முழுக்கோடு, ஊகத்துக்குப் புள்ளிக்கோடு போடுங்கள், ஒவ்வொரு கோட்டின் மேலும் கோப்பு எண்ணை எழுதுங்கள். இணையத்தில் யாரோ போட்ட மரம் ஆவணம் ஆகாது, அதில் அடிக்குறிப்பு இருந்தால் அந்த அடிக்குறிப்பைப் போய்ப் பாருங்கள். மாரிட்ஸ்பர்க் டெத் நோட்டீஸின் படத்தைச் சித்தப்பா பிள்ளைகள், மாமா பிள்ளைகள் எல்லாருக்கும் அனுப்பி வைத்துவிடுங்கள், அவர்களில் ஒருவர் வீட்டுப் பெட்டியில் பூட்டனின் ஞானஸ்நானச் சீட்டு இருக்கக்கூடும்.